றேடியோ கசற்: குரலைச் சேமித்த பெட்டியின் கதை

இலக்கியத் தொடரொன்றிலே இயந்திரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். ஏட்டைப் பற்றிப் பேசாமல் பழந்தமிழ் நூல்கள் எமக்குக் கிடைத்த வரலாற்றைச் சொல்ல முடியாது. 1849 ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வந்த அச்சியந்திரத்தைச் சொல்லாமல் ஆறுமுக நாவலரின் பணியை விளக்க முடியாது. அப்படியென்றால், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலே சாதாரண வீடுகளிற் பேசப்பட்ட தமிழைச் சேமித்து வைத்த ஒரு பெட்டியைப் பற்றியும் யாராவது பேசத்தானே வேண்டும்?

வானொலியும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒரே உடலிலே அமைந்த, கைபிடி வைத்த, பற்றரியிலும் இயங்கக்கூடிய பெட்டியைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலே நாங்கள் அதை றேடியோ கசற் என்றோம். ரேப் றெக்கோடர் என்றவர்களும் உண்டு. யப்பானியர் றேடியோ, கசற் என்ற இரு சொற்களையும் வெட்டி ஒட்டி 'றஜிகசே' என்று பெயரிட்டனர். அமெரிக்காவில் அதன் பெயர் பூம் பொக்ஸ். நான் தொழிலால் இந்துக் கல்லூரியொன்றின் தமிழாசிரியன். பின்னேரங்களில் இத்தகைய பழைய பெட்டிகளைக் கழற்றித் திருத்துவது பத்து வருடங்களுக்கு மேலாக எனது பொழுதுபோக்கு. "காலையிலை பிள்ளையளின்ரை பிழை திருத்திறது, பின்னேரம் பெட்டியின்ரை பிழை திருத்திறது. வீட்டுக் கூரை எப்ப திருத்துறது?" என்பது என் மனைவியின் நிலையான கேள்வி.

இந்தப் பெட்டியின் கதை பெல்ஜியத்திலே ஹசெல்ற் என்ற சிறு நகரத்தில் தொடங்குகிறது. அங்கே பிலிப்ஸ் கம்பனியின் தொழிற்சாலையொன்று இருந்தது. அதன் உற்பத்தி மேம்பாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்தவர் லூ ஒட்டென்ஸ் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளர். அக்காலத்து ஒலிப்பதிவுக் கருவிகள் பெருஞ்சக்கரங்களில் நாடாவைச் சுற்றி ஓட்டுபவை. நாடாவின் நுனியைக் கையாலே பிடித்துக் கோக்க வேண்டும். பொறுமையில்லாதவனுக்கு அது சரிவராது. ஒட்டென்ஸ் தன் சட்டைப் பைக்குள் அடங்குமளவுக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கி வைத்துக்கொண்டு, புதிய கருவி இதைவிடப் பெரிதாயிருக்கக் கூடாது என்று தன் குழுவினருக்கு அளவு வைத்தாராம். திட்டப்படத்துக்கு முன்னே பை வந்துவிட்டது. 1963 ஒகஸ்ட் 30 ஆம் திகதி பேர்லின் வானொலிக் கண்காட்சியிலே அந்தக் கசற் உலகுக்குக் காட்டப்பட்டது. ஒட்டென்ஸ் தமது 94 ஆவது வயதில், 2021 மார்ச்சில் காலமானார்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். கசற் பாட்டுக்காக உருவாக்கப்பட்டதன்று, பேச்சுக்காக உருவாக்கப்பட்டது. அதன் நாடா 4 மில்லிமீற்றர் அகலங்கூட இல்லை. ஒரு செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது. சங்கீதத்தின் நுட்பமான மேற்சுருதிகளைப் பிடிக்க நாடா வேகமாக ஓடவேண்டும். மனிதக் குரலுக்கு இந்த ஊர்தல் போதும். அலுவலகத்திலே கடிதம் சொல்பவர், செய்தி சேகரிப்பவர், விரிவுரையைப் பதிந்து வைக்கும் மாணவர் ஆகியோரே ஆரம்பத்தில் மனத்தில் இருந்த பாவனையாளர்கள். பின்னாளில் நாடாவின் பூச்சும் இரைச்சலைக் குறைக்கும் முறைகளும் சீர்ப்பட, பாட்டுக்காரர் அதைச் சுவீகரித்துக்கொண்டனர். பிறப்பிலே அது பேச்சின் பிள்ளை.

அளவிலும் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. ஜேர்மனியிலே குருண்டிக் முதலிய கம்பனிகள் 1965 இல் வேறொரு வகைக் கசற்றைக் கொண்டுவந்தன. பிலிப்ஸ் கம்பனியோ, அளவை மாற்றாமற் செய்வோர் உரிமைப் பணமின்றியே தங்கள் கசற்றைச் செய்யலாம் என்று விட்டுக்கொடுத்தது. யப்பானிய சோனி கம்பனியின் நெருக்குதலும் அதற்கு ஒரு காரணம். அந்த விட்டுக்கொடுப்பினாலேதான் குவைத்திலே வாங்கிய ஒரு கசற் கோண்டாவிலிலே இருந்த பெட்டியில் மறுபேச்சின்றிப் பொருந்தியது.

1966 இல் பிலிப்ஸ் கம்பனியே வானொலியையும் பதிவுக் கருவியையும் ஒரே பெட்டிக்குள் வைத்து வெளியிட்டது. இரண்டு பொருள்களை ஒன்றாகக் கட்டி விற்பதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றலாம். அதற்கு முன் வானொலி நிகழ்ச்சியொன்றைப் பதிய விரும்பியவர், வானொலியின் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டிலுள்ளோர் இருமக் கூடாது. வாசலிலே மீன்காரர் வரக் கூடாது. அல்லது கம்பி இணைப்பு அறிந்த ஒருவர் வேண்டும். புதிய பெட்டியிலே ஒரு விசையை அமர்த்தினால் வானொலிக்குள் வந்த குரல் வெளியே வராமலே உள்ளுக்குள்ளாக நாடாவில் இறங்கியது. கேட்பவர் சேமிப்பவராக மாறிய இடம் அது. 1925 இல் எங்கள் நாட்டில் ஒலிபரப்புத் தொடங்கிய நாள் முதல், பேசியவர் பேசி முடித்ததும் பேச்சுக் காற்றோடு போயிற்று. உலகத்தின் பெரிய வானொலி நிலையங்களே செலவு கருதி நாடாக்களை அழித்து அழித்துப் பாவித்திருக்கின்றன. அப்படிப்பட்ட உலகிலே நேயரின் கைக்குச் சேமிப்பு வந்தது சிறிய செய்தியன்று.

யப்பானியர் 1960களின் இறுதியிலே இதனைக் கையிலெடுத்தனர். 1970களிலே ஒலிவாங்கியைப் பெட்டிக்குள்ளேயே பொருத்தினர், ஒன்றுக்கு இரண்டாக ஒலிபெருக்கி வைத்தனர், பெட்டியைப் பெருப்பித்தனர். நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியிலே கறுப்பின இளைஞரும் புவேர்ட்டோ றிக்கோ இளைஞரும் அதைத் தோளிலே தூக்கினர். ஹிப் ஹொப் என்ற கலை 1973 ஒகஸ்ட் 11 ஆம் திகதி அங்கே ஒரு தொடர்மாடியின் பொது அறையில் நடந்த கொண்டாட்டத்தோடு தொடங்கியதாகச் சொல்வர். முதல் சில ஆண்டுகள் அதற்கு இசைத்தட்டு இல்லை. கொண்டாட்டங்களிலே பதிந்த கசற்றுகள் கைமாறிக் கைமாறித்தான் பரவியது. ஒரு வாய்மொழிக் கலை, அச்சும் இசைத்தட்டும் தன்னைத் தேடி வரும்வரை நாடாவிலே உயிர் வைத்திருந்தது என்பது தமிழ் இலக்கியம் படித்தவர் கவனிக்க வேண்டிய சங்கதி. ஸ்பைக் லீயின் 1989 ஆம் ஆண்டுத் திரைப்படமான 'டூ த றைற் திங்'கில் றேடியோ றஹீம் என்ற இளைஞன் தன் பெட்டிக்கு 20 பற்றரி கேட்டுக் கடைக்காரரோடு மல்லுக்கட்டும் காட்சி உண்டு. அந்தப் பெட்டியை உணவுக்கடைக்காரர் அடித்து நொறுக்குகிறார். அந்தச் சண்டை, பொலிஸாரின் பிடியில் அவனுடைய உயிர் போவதில் முடிகிறது. ஒரு பெட்டிக்காகவா இவ்வளவும் என்று கேட்பவர்கள் அந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். ஈரானில் 1978 இலே, பிரான்சில் இருந்த கொமெய்னியின் உரைகள் கசற்றாகத்தான் ஊர் ஊராகப் பெருகின. பத்திரிகையைத் தணிக்கை செய்யலாம். ஒவ்வொரு சமையலறையிலும் பிரதி எடுக்கக்கூடிய பேச்சைத் தணிக்கை செய்வது கடினம்.

எமது நாட்டுக்குப் பெட்டி பெருமளவில் வந்தது இரு வாசல்களால். 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தது ஒன்று. 1973 இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்தது மற்றது. கட்டுநாயக்காவில் இறங்குபவரின் தோளிலே பெட்டி, கையிலே போர்வைப் பொதி என்பது அக்காலத்தின் ஓவியம். என் சித்தப்பா 1983 இல் குவைத்திலிருந்து கொண்டுவந்த நஷனல் பெட்டிக்கு அம்மா வெல்வெற் துணியில் உறை தைத்திருந்தார். உறைக்கும் ஓர் ஓரப்பின்னல். அந்த மரியாதை எங்கள் வீட்டிலே அதற்கு முன் ஹார்மோனியத்துக்கு மாத்திரமே கிடைத்தது.

அந்தப் பெட்டிகளிலே என்னென்ன பதிந்தார்கள்? சினிமாப் பாட்டுத்தான் அதிகம், மறுக்கவில்லை. சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' போன்ற வானொலித் தொடர்களை ஊரே கூடியிருந்து கேட்ட காலம் அதற்குச் சற்று முந்தியது. பெட்டி இன்னும் பத்து வருடம் முந்தி வந்திருந்தால் எத்தனை வீடுகளில் அவை மிஞ்சியிருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு. பின்னாளில் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பு கசற்றிலே ஏறிக் கடல் கடந்தது. யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழின் ஏற்ற இறக்கத்தை ஒரு பஸ் கொண்டக்டரின் வாயால் கேட்க வேண்டுமானால் அச்செழுத்து போதாது. இவற்றோடு, எழுத்தறியாத தாய்மார் வளைகுடாவிலிருந்த பிள்ளைகளுக்குக் 'கதைத்து அனுப்பிய' கசற்றுக் கடிதங்கள் இருந்தன. கடித இலக்கியம் என்று மாணவருக்குக் கற்பிக்கிறோம். இந்தக் கடிதங்களை எந்த இலக்கியத்திலே சேர்ப்பது என்று எவரும் இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்னொரு வகைப் பதிவும் உண்டு. அதற்காகத்தான் நான் திருப்புளியைக் கையிலெடுத்தேன். எங்கள் ஊர்க் கோயில்களிலே கந்தபுராணப் படனம் நிகழ்வது நேயர்கள் அறிந்ததே. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். கச்சியப்ப சிவாசாரியாரின் 10,345 செய்யுள்களும் அச்சில் இருக்கின்றன. பயன் அச்சிலில்லை. பதவுரை சொல்லி, பொழிப்புச் சொல்லி, வேறு நூலிலிருந்து ஒப்புமை காட்டி, நடுவிலே ஊர்ப்புதினத்தையும் லேசாகத் தொட்டுச் செல்லும் அந்த உரைமரபு வாயிலிருந்து காதுக்குப் போய் அங்கேயே நின்றுவிடுவது. என் அப்பா நாற்பது வருடம் பயன் சொன்னவர். ஒரு வரி எழுதி வைத்தவரல்லர். அவர் சொன்ன பயனில் எமக்கு மிஞ்சியிருப்பது 11 கசற்றுகள்.

அவை பதியப்பட்ட காலத்தைச் சொல்லவேண்டும். 1990 யூனிலே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலிலே பற்றரியும் இருந்தது. தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து, துளையிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றி, மூங்கிற் குழாயில் வரிசையாய் அடுக்கி ஒரு செய்தியறிக்கை மட்டும் கேட்ட காலம். பிறகு சைக்கிள் டைனமோ வந்தது. சைக்கிளை ஸ்ராண்டிலே நிறுத்தி ஒருவர் மிதிப்பார். டைனமோ தருவது ஆடலோட்ட மின்னாதலால், பழுதாய்ப் போன றேடியோக்களிலிருந்து கழற்றிய டயோட்டுகளை இடையிலே போட்டு நேரோட்டமாக்குவார்கள். றேடியோவுக்கு அது போதுமாயிருந்தது. கசற் ஓடுவதற்கு மோட்டர் சுற்றவேண்டும். அதற்கு மிதிப்பவரின் கால் வலுக்கவேண்டும். 1992 இலும் 1993 இலும் அப்பா வீட்டு விறாந்தையிலே மறுநாள் படலத்துக்குப் பயனை ஒத்திகை பார்ப்பார். அண்ணர் சைக்கிளை மிதிப்பார். எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது; கசற்றைத் திருப்பிப் போடுவது என் பொறுப்பு.

1995 ஒக்ரோபர் இறுதியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. 1996 இல் நாங்கள் திரும்பி வந்தபோது அது இருக்கவில்லை. கசற்றுகளை மட்டும் அம்மா அரிசிப் பைக்குள் புதைத்துத் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அப்பா 2003 இல் காலமானார். அதன்பின் பல வருடங்கள் அந்த 11 கசற்றும் அலுமாரியில் இருந்தன. ஏட்டுச் சுவடிக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887 இல் பதிப்பித்தபோது, செல்லரித்த ஏடானாலும் கண்ணிருந்தால், எழுத்துப் பயிற்சி இருந்தால் வாசிக்க முடிந்தது. நாடாவை வெறுங்கண்ணால் வாசிக்க முடியாது. வாசிக்கும் பெட்டி செத்தால் எழுதியதெல்லாம் பழுப்பு நிறப் பட்டிதான்.

பெட்டியொன்று அயலூரில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் வீட்டுப் பரணிலே கிடைத்தது. சான்யோ. பல்லிமுட்டைகள் உட்பட முழுமையாகத் தந்தார். திருத்தக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பட்டினத்திலே முன்பு றேடியோத் திருத்தகம் வைத்திருந்த ஒரு பெரியவர். முதல் நாள் நான் மூடியைத் திறந்தவுடன் கண்ணில் பட்ட திருகாணியிலெல்லாம் திருப்புளியை வைக்கப்போக, "மாஸ்ரர், கண்டபாட்டுக்குத் திருகாதேங்கோ. முதல் பாருங்கோ, பிறகு மணந்து பாருங்கோ, பிறகு தொடலாம்" என்றார். மணப்பது விளையாட்டுக்கன்று. கசிந்த கொண்டென்சருக்கு மீன்வாடை போன்ற ஒரு வாடை உண்டு.

இத்தகைய பெட்டிகளிலே வயது முதலில் காட்டுவது இறப்பர் பெல்ற்றில். மோட்டரின் சுழற்சியைக் கனத்த சில்லுக்கு எடுத்துச் செல்லும் அந்த மெல்லிய வளையம் முப்பது நாற்பது வருடத்தில் தளர்ந்துவிடும். சில வகை பெல்ற்றுகள் கறுத்த பாகாக உருகி ஒட்டிக்கொள்ளும். அதைப் பஞ்சும் அற்ககோலும் கொண்டு சுரண்டி எடுப்பதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை தேவை. விரல்நகத்திலே ஏறிய கறுப்புத் திங்கட்கிழமை வெண்கட்டியோடு சேர்ந்து பிள்ளைகளுக்குச் சிரிப்புக் காட்டும். அடுத்தது பற்றரி அறையிலே பச்சையாகப் பூத்திருக்கும் தகடுகள். அதற்கடுத்தது ஒலி கூட்டிக் குறைக்கும் திருகியின் கரகரப்பு. எல்லாவற்றிலும் பொல்லாதது, பதிவையும் பாடலையும் மாற்றும் நீண்ட விசை. உள்ளே இருபதுக்கு மேற்பட்ட சிறு தொடுகைகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் களிம்பு ஏறினாலும் ஒரு பக்கக் குரல் ஊமையாகும். பெட்டி கெட்டுவிட்டது என்று எறியப்பட்டவற்றிலே பாதி இந்த ஒரு விசையை நாலு தரம் அசைத்துக் கழுவியிருந்தால் பிழைத்திருக்கும் என்பது பெரியவரின் கணக்கு. நான் திருத்தியவற்றைக் கொண்டு பார்த்தால் கணக்குப் பெரிதும் பிழையில்லை.

வானொலிப் பகுதி வேலை செய்தபோது கிடைத்தது பாதி மகிழ்ச்சிதான். குறுகிய அலையிலே முள்ளை நகர்த்தினால் இரைச்சலே மிகுதி. பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்பிரல் 30 ஆம் திகதியோடு வானொலியில் ஓய்ந்துவிட்டது. யப்பானின் உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்த பெட்டியாயின் பண்பலை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். எமது நிலையங்கள் 88 முதல் 108 வரை. அத்தகைய பெட்டியொன்றை ஆசைப்பட்டு வாங்குபவர் இதைக் கவனித்து வாங்கவேண்டும்.

இனி நாடாவை ஓடவிடும் கட்டம். மோட்டரின் முதுகிலே சிறு துவாரம் ஒன்றிருக்கும்; அதற்குள் திருப்புளியை விட்டு வேகத்தைச் சரிசெய்யலாம். 3,000 ஹேர்ட்ஸ் ஒலி பதிந்த சோதனைக் கசற்றைப் போட்டு, கைத்தொலைபேசி காட்டும் எண் 3,000 ஆகும்வரை திருப்ப வேண்டியதுதான். அதைச் செய்தேன். அப்பாவின் முதலாவது கசற்றைப் போட்டேன். குரல் வந்தது, ஆனால் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. சகர தகரங்கள் மழுங்கியிருந்தன. நாடா பழுதாகிவிட்டது என்றே எண்ணினேன். பெரியவர்தான் சொன்னார்: "நாடாவிலை பிழையில்லை மாஸ்ரர். இது வேற பெட்டியிலை பதிஞ்சது."

அவர் விளக்கியது இதுதான். நாடா உரசிச் செல்லும் ஹெட்டின் முகத்திலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பிளவு உண்டு. அது நாடாவுக்குச் சரி செங்குத்தாக நிற்கவேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் அது ஒரு மயிரளவு இப்படியோ அப்படியோ சாய்ந்திருக்கும். பதிந்த பெட்டியின் சாய்விலேயே படிக்கும் பெட்டியும் இருந்தால் குரல் தெளிவு. இல்லாவிட்டால் முதலிலே மறைவது மெல்லிய மேல் ஒலிகள்: சகரம், தகரம், மூச்சு. ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை, நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, கால்வாசிச் சுற்றுக்கும் குறைவாக மெல்ல மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில், கதவு திறந்தாற்போல, 'வீரவாகுதேவர்' என்ற சொல்லின் தகரம் பளிச்சென்று விழுந்தது. 1995 இல் நாம் இழந்த பெட்டியின் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ, அப்படியே இந்தச் சான்யோவும் அந்தக் கணத்திலே சாய்ந்து நின்றது. ஏட்டிலே எழுதியவனின் கையெழுத்து இருப்பதுபோல நாடாவிலே எழுதிய பெட்டியின் கையெழுத்து இருக்கிறது. பெட்டியை யாரோ எடுத்துப் போனார்கள். அதன் கையெழுத்தை எடுத்துப் போக முடியவில்லை.

அது அவைபுகு படலம். முருகனின் தூதனாக வீரவாகுதேவர் சூரபன்மனின் அவைக்குள்ளே தனியே நுழையும் பகுதி. அப்பா தூதிலக்கணம் சொல்கிறார். வள்ளுவரின் தூது அதிகாரத்துக்குப் போகிறார். இராமாயணத்து அங்கதனுக்குப் போகிறார். குரலுக்கு அடியிலே தொடர்ந்து ஒரு ரீங்காரம். டைனமோ. அண்ணர் உற்சாகமாக மிதிக்கும்போது அது உயர்கிறது. அவர் களைக்கக் களைக்கத் தாழ்கிறது. நேயர்கள் ஒன்றைச் சிந்திக்கலாம்: பதியும் வேளையிலே மின் குறைந்து நாடா மெதுவாக ஓடினால், சரியான வேகத்தில் படிக்கும்போது பேச்சு விரைந்து கீச்சிடும். எனவே அண்ணர் களைத்த இடங்களிலெல்லாம் அப்பா அவசரப்படுகிறார். அறுபது வயதுக் குரல் இருபது வயதுக் குரலாகிறது. பிறகு யாரோ "மிதியடா" என்று அடட்ட, வயது திரும்பி வருகிறது. அடட்டியது நானாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய பெட்டிகளிலே ஒலி அளவைத் தானே சரிசெய்யும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பேச்சு உரத்தால் குறைக்கும். மௌனம் வந்தால் சின்ன ஒலியையும் பெரிதாக்க முயலும். 17 ஆவது நிமிடத்தில் அப்பா, தூதுவன் அஞ்சாமை பற்றிய ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, "கொஞ்சம் பொறுங்கோ" என்கிறார். பெட்டி காதைத் தீட்டிக்கொள்கிறது. டைனமோ பெரிதாகிறது. நாயொன்று பெரிதாகிறது. பின்பு தூரத்திலே ஹெலிகொப்ரர். அது வந்து, தலைக்கு மேலே நின்று, போகிறது. ஏறத்தாழ 2 நிமிடம். அண்ணர் மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அந்த 2 நிமிடம் பதிவாகியிருக்காது. பின்னர் அப்பா விட்ட வாக்கியத்தை, விட்ட சொல்லிலிருந்து, எழுவாயைக்கூட மறுபடி சொல்லாமல் முடிக்கிறார். அந்த வாக்கியத்தை வகுப்பிலே தொடரியல் கற்பிக்கும்போது நான் இன்னும் பயன்படுத்தவில்லை.

இப்போது கணினிக்கு மாற்றும் வேலை நடக்கிறது. 2005 இலிருந்து எம்மவர் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் நிறுவனம் போன்ற முயற்சிகள் ஒலிப்பதிவுகளையும் சேர்க்கத் தொடங்கியிருப்பது நல்ல காரியம். கணினியிலே வேகத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தவும் ரீங்காரத்தை வடிகட்டவும் வசதியுண்டு. என் மாணவன் ஒருவன் அரை மணி நேரத்திலே ஒரு பக்கத்தைச் சுத்தமாக்கித் தந்தான். அப்பா சீராகப் பேசுகிறார், டைனமோ இல்லை, மிதிப்பவரும் இல்லை. பயனைப் படிக்க விரும்பும் மாணவருக்கு அது போதும், உதவியுங்கூட. ஆயினும் மூலத்தையும் அப்படியே ஒரு பிரதி வைத்திருக்கிறேன். பாடபேதத்தை அடிக்குறிப்பிலே காட்டாமல் நூலைத் திருத்திய பதிப்பாசிரியரை நாங்கள் வகுப்பிலே குறை சொல்கிறோம் அல்லவா?

திருத்தாத பிரதியைத் தொலைபேசி வழியாகக் கனடாவிலுள்ள அண்ணருக்குப் போட்டுக் காட்டினேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "உதிலை நான் களைச்சதெல்லாம் கேட்குது. அப்பாவுக்கு அப்ப தெரிஞ்சிருக்குமோ?" என்றார். "தெரிஞ்சிருக்கும். அதுதான் அண்டைக்கு அரை மணித்தியாலத்தோடை முடிச்சவர்" என்றேன். மற்றப் படலங்களை அப்பா ஒரு மணி நேரத்துக்குக் குறையாமற் சொல்வது வழக்கம்.

11 இல் 8 கசற்றுகள் முடிந்துள்ளன. ஒன்பதாவதிலே நாடாவை ஹெட்டோடு அணைத்து நிறுத்தும் சிறு பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிட்டது. வேறொரு கசற்றிலிருந்து கழற்றி ஒட்டவேண்டும். பழைய விளம்பரக் கசற்றொன்றை அதற்காக எடுத்து வைத்திருக்கிறேன். பத்தாவது சித்தப்பா குவைத்திலிருந்து அனுப்பிய கடிதத்தின் மேல் பதிந்தது. பக்கத்தின் கடைசியிலே, வள்ளியம்மை திருமணப் படலம் முடிந்த பின், அழியாமல் மிஞ்சிய 4 நிமிடம் அவருடைய குரல் இருக்கிறது. சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. ஹெட்டின் சாய்வு அதற்கு வேறாக இருக்கும். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.